மருந்து கேட்காத புழுவும் அதன் மரபணுவும்

செலாயாங் பாசார் போரோங்கில் காய்கறி மொத்த வியாபாரம் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. கேமரன் மலையில் கோபிஸ் (முட்டைக்கோஸ்) போட்டு அவருக்கு அனுப்பும் மாமாவின் தோட்டத்தில், சில பருவங்களுக்கு முன் நன்றாகக் கேட்ட சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இப்போது கேட்பதில்லை. புழு மருந்துக்குப் பழகிவிட்டது என்று சொன்ன கடைக்காரர் லாம்டா சைஹாலோத்ரின் என்ற வேறொரு புட்டியைக் கொடுத்தார். அதுவும் பலிக்கவில்லை. ஆகவே மாமா இப்போது இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கிறார். ஒரு புழுவுக்கு வந்த பழக்கம் அதன் குஞ்சுகளுக்கு எப்படிப் போகிறது, அதுவரை அடிக்கவே அடிக்காத மருந்துக்கும் அது அசையாமல் இருப்பது எப்படி, கலந்து அடிப்பது சரியா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

பூச்சியின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் இலையின் ஒரு பக்கத் தோல் மட்டும் அரிபடாமல் மிஞ்சி ஒளி ஊடுருவும் பொட்டுகளாகத் தெரிவதாகவும், தொட்டால் புழு பின்பக்கமாகத் துள்ளி நூலிழையில் தொங்குவதாகவும் எழுதியிருக்கிறார். இது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுதான். பூச்சிமருந்து எதிர்ப்பின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. டிடிடி மருந்துக்கு இது எதிர்ப்புக் காட்டியதை 1953இல் நமக்கு அக்கம்பக்கத்திலுள்ள ஜாவாவின் லெம்பாங்கிலிருந்து எழுதினார்கள். பி.டி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் பாக்டீரியா மருந்துக்கு வயலிலேயே எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட முதல் பயிர்ப்பூச்சியும் இதுதான். அது ஹவாயிலிருந்து 1990இல் வெளியான செய்தி. மலேசிய வயல்களிலிருந்து பிடித்த புழுக்கள் பி.டி.க்கும் அபாமெக்டின் என்ற மருந்துக்கும் எதிர்ப்புக் காட்டியதாக 1996இல் ஆய்வு வெளிவந்தது. அதன்பின் கோலாலம்பூருக்குப் பக்கத்துச் செர்டாங்கில் பிடித்த புழுக்களின் சந்ததி, இங்கிலாந்தின் ஆய்வுக்கூடங்கள் வரை போய்ப் பல மரபியல் சோதனைகளுக்குப் பயன்பட்டது.

முதல் கேள்விக்கு வருவோம். எந்தப் புழுவும் தன் ஆயுளுக்குள் மருந்துக்குப் பழகுவதில்லை. தின்னும் இலையைப் பொறுத்து உடம்பில் நொதிகளின் அளவு சற்றுக் கூடிக் குறைவது உண்மைதான். ஆனால் அது சந்ததிக்குப் போவதில்லை. வயலில் நாம் காணும் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு எதிர்ப்புக்கு அது காரணமும் ஆகாது. தெளிப்பு விழும்போது சாகக்கூடியவை சாகின்றன. சாகாதவை, அந்தத் தெளிப்புக்கு முன்பே அதற்குச் சாகாத உடம்போடு பிறந்தவை. டி.என்.ஏ. ஒவ்வொரு முறை படியெடுக்கப்படும்போதும் அபூர்வமாக ஓரெழுத்து மாறிப்போவதுண்டு. அந்தச் சடுதிமாற்றங்களில் பெரும்பாலானவை பயனற்றவை, சில தீங்கானவை, மிகச் சில மட்டும் ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு முன் உயிரைக் காப்பவை. மருந்து அந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை. அது இல்லாதவற்றை அழித்து, இருப்பவற்றுக்கு இடமும் உணவும் விட்டுக்கொடுக்கிறது.

இதற்கு நேரடிச் சான்று இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இருப்பவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது பயிர்ப்பூச்சியைப் பற்றியதன்று, ஆஸ்திரேலியாவின் ஆட்டு ஈயைப் பற்றியது. மாலத்தியான் என்ற மருந்து புழக்கத்துக்கு வரும் முன்பே பிடித்து, ஊசி குத்திக் காட்சியகப் பெட்டிகளில் வைத்திருந்த ஈக்களின் டி.என்.ஏ.வை 2006இல் படித்துப் பார்த்தார்கள். மாலத்தியானுக்கு எதிர்ப்புத் தரும் சடுதிமாற்றம் அந்தப் பழைய ஈக்களில் சிலவற்றில் ஏற்கெனவே இருந்தது. டயசினான் என்ற இன்னொரு மருந்துக்கான மாற்றமோ, சோதித்த பழைய ஈக்கள் எதிலும் தென்படவில்லை. ஆக, சில எதிர்ப்பு மரபணுக்கள் மருந்துக்கு முன்பே கூட்டத்தில் உலவிக்கொண்டிருந்தவை. சில, மருந்து புழங்கத் தொடங்கிய பிறகு தற்செயலாகத் தோன்றிப் பரவியவையாக இருக்கலாம். இரண்டிலும் பரவலுக்குக் காரணம் தெளிப்பே. பூச்சி மருந்துக்கு அசையாமல் போக முடியுமா என்ற ஐயத்தை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பழத்தோட்டங்களில் செதில்பூச்சியை ஆராய்ந்த மெலாண்டர் 1914இலேயே அச்சில் எழுப்பிவிட்டார். அப்போது அடித்தது வெறும் கந்தகச் சுண்ணாம்பு.

அந்த மரபணுக்கள் உடம்பில் என்ன செய்கின்றன என்பதில்தான் மாமாவின் இரண்டு புட்டிகளுக்கான பதில் இருக்கிறது. வழிகள் பல இருந்தாலும், முக்கியமானவை இரண்டு: மருந்து போய்த் தாக்கும் இடம் மாறிவிடுவது ஒன்று, மருந்து அங்கே போய்ச் சேரும் முன்பே உடைக்கப்படுவது மற்றொன்று.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் ஆகிய எல்லாமே பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை. நரம்பின் சவ்வில் சோடியம் அயனிகள் உள்ளே போகத் திறந்து உடனே மூடும் புரத வாயில்கள் இருக்கின்றன. பைரித்ராய்டு மூலக்கூறு, திறந்த கதவின் அடியில் செருகிய ஆப்பைப் போல அந்த வாயிலை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் துடித்துப் புழு விழுகிறது. டிடிடியும் இதே வாயிலைத்தான் தாக்கியது. இந்த வாயில் புரதத்தின் 1014ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஃபினைல்அலனின் வந்துவிட்டால், வாயில் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும், ஆனால் மருந்து அதில் சரியாகப் பொருந்தாது. வீட்டு ஈயில் முதலில் விளங்கிக்கொண்ட இந்த மாற்றம் அசுவினியிலும், கொசுவிலும், நம் வைரமுதுகுப் பூச்சியிலும் ஏறத்தாழ அதே இடத்தில் காணப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவற்ற இத்தனை பூச்சிகளும் ஒரே எழுத்தைத் தொட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. வாயிலின் பெரும்பகுதியில் கை வைத்தால் நரம்பே வேலை செய்யாது. உயிரையும் காத்து மருந்தையும் விலக்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

புதிய மருந்துகளிலும் இதே கதைதான். குளோரான்ட்ரானிலிப்ரோல், ஃபுளூபென்டயமைடு போன்ற டயமைடு மருந்துகள் தசையிலுள்ள ரியானோடின் ஏற்பி என்ற புரதத்தைத் தாக்கிக் கால்சியத்தைக் கட்டுப்பாடின்றி வெளியேற்றுகின்றன. புழு சுருங்கி, தின்பதை நிறுத்திவிடும். அந்த ஏற்பி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த பெரும் புரதம். பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் மருந்து கேட்காமல் போன வைரமுதுகுப் புழுக்களில், அதன் 4946ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருப்பதை 2012இல் கண்டறிந்தார்கள். கிளைசினைக் குறிக்கும் மூன்றெழுத்தின் நடு எழுத்து ஜி, ஏ ஆக மாறியதன் விளைவு அது. இரண்டு நாடுகளிலும் அந்த மாற்றம் தனித்தனியே தோன்றியிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மருந்து சந்தைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் இத்தனையும் நடந்து முடிந்தது. அதைத் தடுக்கும் அளவுக்கு அந்தப் பூச்சியின் இனப்பெருக்கம் மெதுவானதன்று. கோலாலம்பூர் வெப்பத்தில் முட்டை அந்தாக ஏறத்தாழ இரண்டு வாரம் போதும், கேமரன் குளிரில் இன்னும் ஓரிரு வாரம் கூடும்.

இனி இரண்டாவது வழி. என் கணிப்பில் விவசாயிக்கு அதிகத் தொல்லை தருவது இதுதான். தாக்கும் இடம் மாறிய பூச்சிக்கு வேறு இடத்தைத் தாக்கும் மருந்தைக் கொடுத்தால் அது செத்துவிடும். மருந்தை உடைக்கும் நொதி பெருகிய பூச்சியிடம் அந்தக் கணக்கு செல்லாது. பச்சைப் பீச் அசுவினியில் எஸ்டெரேஸ் என்ற நொதியின் மரபணு சாதாரணமாக ஒரு பிரதி இருக்க வேண்டிய இடத்தில் எண்பது பிரதிகள் வரை பெருகியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அத்தகைய அசுவினியின் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் ஒன்று முதல் மூன்று விழுக்காடு இந்த ஒரே நொதியாக இருக்கும். ஆர்கனோபாஸ்பேட்டு மருந்து நரம்பை எட்டும் முன் இந்த நொதி அதைப் பிடித்துக்கொள்கிறது, மெதுவாக உடைக்கவும் செய்கிறது. இதில் வியப்பான கிளைக்கதை ஒன்றும் உண்டு. அந்தப் பிரதிகளின் டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் அழிந்துபோனால் மரபணுக்கள் ஊமையாகிவிடும். எண்பது பிரதிகளையும் சுமந்துகொண்டே அசுவினி மருந்துக்குச் சாகும். மெத்தில் குறி மரபணுவை அடக்கும் என்று பாடத்தில் படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

அதே அசுவினியின் புகையிலைத் தின்னும் இனம் இன்னொரு பாடம். புகையிலையின் நிக்கோட்டினைச் செரிப்பதற்காகச் சைட்டோகுரோம் பி450 என்ற, நஞ்சை உடைக்கும் நொதிக் குடும்பத்து மரபணு ஒன்று அதில் பலமடங்கு பெருகியிருந்தது. இமிடாகுளோப்ரிட் போன்ற நியோநிக்கோட்டினாய்டுகள் தாக்குவது நிக்கோட்டின் தாக்கும் அதே ஏற்பியைத்தான். அவற்றையும் அந்த நொதி உடைத்துவிடுகிறது. மருந்து புட்டியில் வரும் முன்பே எதிர்ப்பின் பெரும்பகுதி செடியைத் தின்றதால் தயாராகியிருந்தது. நெல் வயலிலும் இதே குடும்பத்து மரபணுவின் கைவரிசை உண்டு. செக்கிஞ்சானிலும் செபராங் பிறையிலும் பெனா பேராங் என்றும், தமிழ்நாட்டில் புகையான் என்றும் அழைக்கப்படும் பழுப்புத் தத்துப்பூச்சியில், பி450 மரபணு ஒன்று இரட்டித்து, ஒரு பிரதி பழைய வேலையைத் தொடர, மற்றது சில எழுத்துகள் மாறி இமிடாகுளோப்ரிடை உடைக்கும் திறன் பெற்றிருக்கிறது. ஆசிய நெல்வயல்கள் பலவற்றில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து அந்த மருந்து பலிக்காமல் போனதற்கு இது முக்கியக் காரணம்.

பி.டி. கதை இந்த இரண்டிலிருந்தும் சற்று விலகியது. அந்தப் பாக்டீரியாவின் நச்சுப்புரதம் புழுவின் குடற்சுவரிலுள்ள புரதங்களில் ஒட்டினால்தான் துளையிட முடியும். ஒட்டுமிடத்தைத் தரும் புரதத்தின் மரபணுவில் ஒரு துண்டு அற்றுப்போனால் நச்சு பற்றுவதற்கு இடமில்லை. அதாவது, இங்கே எதிர்ப்பு என்பது ஒன்றை இழப்பதால் வருவது. தாயிடமிருந்து கெட்ட பிரதியும் தந்தையிடமிருந்து நல்ல பிரதியும் பெற்ற புழுவுக்கு அந்த ஒரு நல்ல பிரதியே போதிய ஒட்டுமிடங்களை உண்டாக்கித் தந்துவிடும், ஆகவே அது சாகும். இரண்டும் கெட்ட பிரதியாக இருந்தால் மட்டுமே பிழைக்கும். இதைத்தான் ஒடுங்குத்தன்மை என்கிறோம். ஒரு பிரதியே பிழைக்கப் போதுமென்றால் அது ஓங்குத்தன்மை.

ஒடுங்குதலா ஓங்குதலா என்பது புத்தகச் செய்தி போலத் தோன்றினாலும், தோட்டத்தில் எத்தனை பருவம் மருந்து தாங்கும் என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் அதுதான். ஒரு கூட்டத்தில் எதிர்ப்புப் பிரதி ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் புழுக்களில் இரட்டைப் பிரதி உள்ளது சராசரியாக ஒன்றே ஒன்று. ஒற்றைப் பிரதி உள்ளவை ஏறத்தாழ இரண்டாயிரம். எதிர்ப்பு முழுமையாக ஒடுங்கியதாக இருந்தால் தெளிப்புக்குப் பின் மிஞ்சுவது அந்த ஒன்று, அதற்குத் துணை கிடைப்பதே அரிது; தெளிக்காத பக்கத்து நிலத்திலிருந்து வரும் சாதாரண அந்தோடு கூடினால் குஞ்சுகள் எல்லாம் ஒற்றைப் பிரதியாகி அடுத்த தெளிப்பில் மாண்டுவிடும். ஓங்கியதாக இருந்தால் இரண்டாயிரமும் மிஞ்சி ஒன்றோடொன்று கூடும். இங்கேதான் மருந்தின் அளவு உள்ளே வருகிறது. ஒற்றைப் பிரதி உள்ள புழுக்களையும் கொல்லும் அளவில் மருந்து விழுந்தால் எதிர்ப்பு ஒடுங்கியது போல நடந்துகொள்ளும். சிக்கனத்துக்காக அளவைப் பாதியாக்கினாலோ, இலையின் அடிப்பக்கம் நனையாமல் அடித்தாலோ, மழையில் கரைந்து மிச்சமான எச்சத்தில் புழு பல நாள் மேய்ந்தாலோ, அதே மரபணு ஓங்கியது போல நடந்துகொள்ளும். கேமரன் மழையில் இது மூன்றாவது வகையில் தானாகவே நடப்பது.

மருந்தை நிறுத்தினால் பழைய நிலை திரும்புமா என்று அடுத்துக் கேட்பார்கள். சிலவற்றில் திரும்பும். ஹவாய்ப் புழுக்களை மருந்து படாமல் பல தலைமுறை வளர்த்தபோது சில கூட்டங்களில் பி.டி. எதிர்ப்புக் குறைந்ததை 1994இல் காட்டினார்கள். எதிர்ப்பைச் சுமப்பதற்கு உடல் கொடுக்கும் விலை அதற்குக் காரணம். ஆனால் நெடுநாள் தெளிப்பு நீடித்தால் அந்த விலையையும் இன்னொரு மரபணு ஈடுகட்டிவிடலாம். முன்சொன்ன ஆட்டு ஈயில் டயசினான் எதிர்ப்பு தொடக்கத்தில் ஈயை நலிவாக்கியது. பிறகு வேறொரு மாற்றி மரபணு பரவி அந்த நலிவைப் போக்கிவிட்டது. அந்த நிலை வந்த பின் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பயனில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு நேராகச் சொல்லிவிடலாம். கடைக்காரர் புட்டியை மாற்றினார், குழுவை மாற்றவில்லை. இரண்டு மருந்தும் ஒரே சோடியம் வாயிலைத் தாக்குபவை; செயற்படும் விதத்தை வைத்து உலகெங்கும் தரப்படும் எண்வரிசையில் இரண்டுக்கும் எண் 3. பல புட்டிகளின் லேபிளில் அந்த எண் அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் செயற்பொருளின் பெயரை வைத்து அறியலாம். டயமைடுகள் 28, நியோநிக்கோட்டினாய்டுகள் 4, ஸ்பினோசாட் 5, பி.டி. 11. வாயிலில் ஓரெழுத்து மாறிய புழுவுக்கு எண் 3இல் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பெரிய வேறுபாடு இருக்காது. அத்துடன் நொதிகளும் பெருகியிருந்தால் வேறு எண்ணும் பலிக்காமல் போகலாம்.

எது காரணம் என்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கும் முறை எளியது, பொறுமைதான் வேண்டும். மருந்து படாத கோபிஸ் இலையை வட்டமாக வெட்டி, படிப்படியாக நீர்த்த கரைசல்களில் சில விநாடி நனைத்து, நிழலில் உலரவிட்டு, ஒரே பருவத்துப் புழுக்களை அதன்மேல் விட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். நலமான புழு பின்னோக்கித் துள்ளும், மருந்து தாக்கியது தலையை மட்டும் அசைக்கும் அல்லது அசையாது. அதே சோதனையை பிப்பரோனைல் பியூட்டாக்சைடு சேர்த்துத் திரும்பச் செய்வார்கள். அந்தப் பொருள் பி450 நொதிகளை முடக்குவது. அதைச் சேர்த்ததும் புழு சாகத் தொடங்கினால் நொதிதான் முதன்மைக் காரணம் என்று கொள்ளலாம். சேர்த்தும் அசையாவிட்டால் வாயிலின் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்க்க வேண்டும். நொதி பெருகிய புழுவுக்கு எதிராக ஒரு தந்திரமும் உண்டு. குளோர்ஃபெனாபைர் பி450 நொதியாலும், இண்டாக்சாகார்ப் எஸ்டெரேஸ் வகை நொதியாலும் உடம்புக்குள் மாற்றப்பட்ட பிறகே நஞ்சாகின்றன. ஆகவே சில நேரம் நொதி மிகுந்த பூச்சியே அவற்றுக்கு எளிதில் பலியாகும். இது எல்லாக் கூட்டத்திலும் நடப்பதில்லை, அதனால் சோதிக்காமல் நம்பி வாங்க வேண்டாம்.

கலந்து அடிப்பதைப் பற்றிய மூன்றாவது கேள்விக்கு, மாமாவின் கலவையைப் பொறுத்தவரை, பதில் வேண்டாம் என்பதே. இரண்டு மருந்துகளைக் கலப்பதற்கு மரபியலில் நியாயம் இருக்கிறது: வெவ்வேறு இடத்தைத் தாக்கும் இரண்டுக்கும் ஒருசேர எதிர்ப்புள்ள புழு மிக மிக அபூர்வம், ஒன்றில் தப்பியதை மற்றது கொல்லும். ஆனால் அந்த நியாயம் நிற்க, இரண்டும் தனித்தனியே இன்னும் நன்றாகக் கொல்பவையாக இருக்க வேண்டும், இரண்டையும் முழு அளவில் சேர்க்க வேண்டும், இலையில் ஏறத்தாழ ஒரே காலம் தங்க வேண்டும், ஒரே நொதி இரண்டையும் உடைக்கக் கூடாது. ஏற்கெனவே தோற்றுவிட்ட, ஒரே வாயிலைத் தாக்கும் இரண்டு பைரித்ராய்டுகளில் இந்த நிபந்தனைகள் பொருந்தவில்லை. புழுவுக்கு ஒன்றும் ஆகாது. இலையில் எச்சம்தான் கூடும், அந்த எச்சத்தோடு கோபிஸ் செலாயாங்குக்கு வரும்.

அவர் செய்யக்கூடியது எண் 3ஐ முழுவதும் நிறுத்திவிட்டு, ஒரு தலைமுறைக் காலத்துக்கு, அதாவது கேமரனில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரே எண்ணையும், அடுத்த தலைமுறைக்கு வேறு எண்ணையும் வைத்துக்கொள்வது. வாரம் ஒரு புட்டி என்று மாற்றினால் ஒரே தலைமுறை எல்லா மருந்தையும் சந்தித்துவிடும். பக்கத்துத் தோட்டத்தாரும் சேர்ந்து செய்தால்தான் இது முழுப் பலன் தரும், ஏனெனில் அந்து காற்றில் வரும், நாற்றோடு முட்டை வரும். சுழற்சியில் பி.டி.க்கு இடம் கொடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், 1970களில் வெளிநாட்டிலிருந்து கேமரனுக்குக் கொண்டுவந்து நிலைபெறச் செய்த டயடெக்மா என்ற சிறு குளவி. அது புழுவுக்குள் முட்டையிடும். புழுவின் எதிர்ப்பு மரபணு எதுவும் அதைத் தடுக்காது. பி.டி. குளவியைக் கொல்வதில்லை, சைபர்மெத்ரின் கொன்றுவிடும். எண் 3ஐ நிறுத்திய பின், இலையின் அடியிலுள்ள வலைக்கூடுகளை மாமா பார்த்து வரட்டும். வலைக்குள் இளம்பச்சையாக, மெலிந்து நீண்டு தெரிவது அந்தின் கூட்டுப்புழு. அதே வலைக்குள் பருத்து, ஒளி புகாத பழுப்பு உருளையாகத் தெரிவது குளவியின் கூடு. இரண்டில் எது அதிகம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த தெளிப்பைத் தீர்மானிக்கலாம்.